கடல்மீன் தொட்டிக்கு மணல்: காசு கொடுக்கும் முன்னே சோதித்துப் பாருங்கள்

கடல்மீன் தொட்டி வைக்கப் போகிறவர்கள் லைட்டுக்கும், அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மருக்கும், தண்ணீரில் அலை எழுப்பும் வேவ்மேக்கருக்கும் மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். மணலை மட்டும் கடைசி நாளில், கடைக்காரர் அள்ளிக் கொடுத்ததை வாங்கி வருவார்கள். லைட் பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். மணல் சரியில்லை என்றால் கல்லைத் தூக்கணும், மீனைப் பிடிக்கணும், உப்புத் தண்ணீரைக் கொட்டணும், தொட்டி முழுவதையும் கலைக்கணும். பாளையங்கோட்டையில் என் மூன்றடி தொட்டிக்கு அது நடந்தது. இரண்டு தடவை கலந்த உப்பு, தேய்ந்துபோன வேவ்மேக்கர், தூக்கிப் போட்ட மணல், கிறிஸ்டல் கண்ணாடியில் விழுந்த கீறல் என்று 20,000 ரூபாய்க்கு மேல் போனது. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. அந்தக் குறை இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கடல்மீன் தொட்டிக்கு வழக்கமாகப் போடுவது அரகோனைட் என்கிற மணல். கடையில் வெள்ளைச் சாக்கில் லூஸாக வைத்திருந்த மணலைக் காட்டி, "அண்ணாச்சி, இது அரகோனைட்தானா?" என்று கேட்டேன். "சுத்தமான கடல் மணல் தம்பி, தைரியமாப் போடுங்க" என்றார். நம் பக்கத்தில் இந்த இரண்டும் ஒன்று கிடையாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட். சிப்பி, பவளம் இவற்றின் ஓட்டில் இருப்பது அதுதான். பைகளில் வரும் வெளிநாட்டு மணலில் பெரும்பகுதி பகாமாஸ் பக்கத்துக் கடலில் உருண்டை உருண்டையாகப் படிந்த ஊலைட் மணல். நம்ம உவரி, கூடுதாழை, கூட்டப்புளி கடற்கரையில் இருப்பது முக்கால்வாசி குவார்ட்ஸ். மலைப் பாறை உடைந்து ஆற்றோடு வந்து சேர்ந்தது. அதோடு இல்மனைட், கார்னெட், சிர்கான், ரூட்டைல், மோனசைட் எல்லாம் கலந்திருக்கும். இதைத்தான் நாம் தாது மணல் என்கிறோம். அலை திரும்பிப் போன இடத்தில் கறுப்பும் சிவப்புமாகக் கோடு கோடாகத் தெரிவது அதுதான். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, ஒரு சாக்கு அள்ளி வந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தொட்டிக்கு ஆகாது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் தாது மணல் எடுக்க 2013-லேயே அரசு தடை போட்டிருக்கிறது. மோனசைட்டில் தோரியம் வேறு இருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிற சரக்கு இல்லை அது.

எனக்கு வந்த மணலில் பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வெள்ளையாக, ரவை மாதிரி இருந்தது. பொட்டு பொட்டாகக் கறுப்பு மணிகள் இருந்தன, அழகுக்காக இருக்கும் என்று தோன்றியது. தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்ட பிறகு கலங்கல் ஒரு வாரம் ஆகியும் தெளியவில்லை. தெளிந்ததும் வேவ்மேக்கர் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் ரோட்டரின் காந்தத்தைச் சுற்றிக் கறுப்பு மணல் மீசை முளைத்தது போல ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் புஷ்ஷைத் தேய்த்துத் துளையை நீள்வட்டமாக்கிவிட்டது. கழுவி மாட்டினேன், நாலு நாளில் மறுபடியும் அதே சத்தம். அதைவிடக் கொடுமை கண்ணாடி துடைக்கும் காந்தம். உள்பக்கத் துண்டில் இரண்டே இரண்டு கறுப்பு மணி ஒட்டியிருந்தது போதும், ஒரு இழுப்பில் முன்கண்ணாடியில் வில் போல நீளமாகக் கீறல் விழுந்தது. நகத்தை வைத்தால் மாட்டுகிற ஆழம். தண்ணீர் நிறைந்த தொட்டியில் அதைப் பாலிஷ் போட வழியே கிடையாது. அன்றைக்கு மனசு விட்டுப்போனது உண்மை. வேலை முடிந்து வந்து தொட்டி முன்னால் உட்காரவே பிடிக்கவில்லை.

ஆகவே மணல் வாங்கும்போது முதல் சோதனை காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்தோ ஹார்ட் டிஸ்க்கில் இருந்தோ எடுத்த வலுவான காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொள்ளுங்கள். உலர்ந்த மணலை ஒரு வெள்ளைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, அதன்மேல் ஒட்டினாற்போல் நாலைந்து முறை ஓட்டுங்கள். கவரில் ஏதாவது ஒட்டுகிறதா பாருங்கள். நல்ல அரகோனைட்டில் ஒன்றும் ஒட்டாது. ஒன்றிரண்டு மணி ஒட்டினால்கூட நான் அந்த மணலை வாங்க மாட்டேன், ஏனென்றால் ஒரு கைப்பிடியில் இரண்டு என்றால் பதினைந்து கிலோவில் எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காந்தத்தை வைத்தே எல்லாவற்றையும் பொறுக்கிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். கார்னெட் லேசாகத்தான் இழுபடும், சிர்கான் இழுபடவே செய்யாது.

இரண்டாவது சோதனை வினிகர். ஒரு சிட்டிகை மணலில் நாலு சொட்டு விட்டுப் பார்த்து, நுரைத்தால் அரகோனைட் என்று முடிவு கட்டுகிறார்கள். பாதிக்குப் பாதி குவார்ட்ஸ் கலந்திருந்தாலும் நுரைக்கத்தான் செய்யும். எனக்கு வந்த மணலும் நன்றாகவே நுரைத்தது. நிறுத்துப் பார்ப்பதுதான் சரி. 5 கிராம் உலர்ந்த மணலை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, மளிகைக் கடையில் கிடைக்கிற 4 சதவீத வினிகர் 300 மில்லி ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். இடையிடையே கலக்கி விடணும். 5 கிராம் கால்சியம் கார்பனேட் முழுதாகக் கரைய அதில் பாதி வினிகர் போதும், ஆனால் கரையக் கரைய வேகம் குறையும் என்பதால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்வது. காலையில் மேலே இருப்பதை வடித்து, இன்னும் குமிழ் வந்தால் புது வினிகர் ஊற்றி மறுபடி வையுங்கள். குமிழ் முழுதும் அடங்கியதும் மிச்சத்தைக் கழுவி, காயவைத்து, சின்ன டிஜிட்டல் தராசில் நிறுக்கணும். சுத்தமான அரகோனைட்டில் அடியில் ஏதோ தூசி மாதிரிதான் மிஞ்சும். என் மணலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வாங்கும் முன்பே 100 கிராம் சாம்பிள் கேளுங்கள். சாம்பிள் தர மறுக்கிற கடையில் மணல் வாங்க வேண்டியதில்லை.

வினிகரில் முழுதாகக் கரைந்தாலும் அது மார்பிள் தூளாக இருக்கலாம். அதுவும் கால்சியம் கார்பனேட்தான், கால்சைட் வகை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும். அரகோனைட் மணி உருண்டையாக, பளபளப்பில்லாமல் இருக்கும், இல்லையென்றால் சிப்பித் துணுக்குகளாகத் தெரியும். மார்பிள் மணி சர்க்கரைப் படிகம் போல முனை முனையாகப் பளிச்சிடும். தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் தாராளமாகக் கிடைக்கிறதே, அதை உடைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். விஷமெல்லாம் இல்லை. ஆனால் தூளைக் கழுவிக் கழுவி மாளாது, முனை கூர்மையாக இருப்பதால் மணலை வாயில் அள்ளிச் சலிக்கிற கோபி மீனுக்கும் ஆகாது. கோழித் தீவனத்துக்கு விற்கிற கிளிஞ்சல் நொறுக்கும் இப்படித்தான். மணி பெரிதாக, தட்டையாக இருப்பதால் இடுக்கில் தீனி போய் உட்கார்ந்து அழுகும், நைட்ரேட் ஏறும்.

தூத்துக்குடி பக்கம் இருந்து உடைந்த பவளத் துண்டுகளை யாராவது மலிவாகக் கொண்டுவந்து கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். தூத்துக்குடியில் இருந்து பாம்பன் வரைக்கும் உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் அடக்கம். பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளம்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. சட்டத்தை விடுங்கள், ஒரு காலத்தில் அங்கே சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டித்தான் பாறைகள் பாழாயின. நம் வீட்டு அழகுக்காக மிச்சத்தையும் கேட்பது நியாயமே இல்லை.

மணல் எதற்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அரகோனைட் போட்டால் பி.எச். தானாக நிற்கும்" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். தொட்டியில் பி.எச். 8.0-க்கு மேல் இருக்கிற வரைக்கும் அரகோனைட் கரையவே கரையாது. அதைவிட நன்றாகக் கீழே இறங்கினால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அந்த அளவுக்குத் தண்ணீர் போய்விட்டால் பவளம் ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும். தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் கே.எச். அளவை 8 முதல் 9-க்குள் நிறுத்துவது நீங்கள் செய்கிற தண்ணீர் மாற்றமும், குறைகிற சத்தை அளந்து ஊற்றுகிற டோஸிங்கும்தான். மணலின் உண்மையான வேலை பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பது, புதைந்து வாழ்கிற உயிர்களுக்கு வீடாக இருப்பது, அப்புறம் பார்வைக்கு வெளிச்சமாக இருப்பது. குவார்ட்ஸ் மணல் போட்டால் பழுப்புப் பாசி பிடித்தே தீரும் என்பதும் அதே மாதிரி பாதி உண்மைதான். அந்தப் பாசிக்குத் தீனி சிலிகேட். குவார்ட்ஸும் சிலிகாதான், ஆனால் அது தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. புதுத் தொட்டியில் முதல் மாதம் எந்த மணலிலும் பழுப்புப் படலம் வரும், தானாகப் போகும். போகாமல் மாதக்கணக்கில் நின்றால் போர் தண்ணீரில் வருகிற சிலிகேட்டைச் சந்தேகப்படுங்கள். வெறும் ஆர்.ஓ. அதை முழுதாகத் தடுக்காது, பின்னால் மிச்சத்தைப் பிடிக்கிற டி.ஐ. ரெசின் வேண்டும், கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டணும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் உப்புத் தண்ணீர் போர் வைத்திருப்பவர்களுக்கு ரெசின் சீக்கிரம் தீரும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணியின் அளவுதான் அடுத்த முடிவு. 0.5 மி.மீ.-க்குக் கீழே உள்ள மாவு மணல் அழகாக இருக்கும், ஆனால் வேவ்மேக்கர் நீரோட்டத்தில் பறந்து ஒரு மூலையில் மேடு கட்டும், இன்னொரு மூலையில் கண்ணாடி தெரியும். 3 மி.மீ.-க்கு மேலே போனால் அழுக்கு இறங்கிவிடும். பவளமும் இரண்டு மூன்று மீனும் வைக்கிற சாதாரணத் தொட்டிக்கு 1 முதல் 2 மி.மீ. மணல் சரியாக இருக்கும். ராத்திரியானால் மணலில் புதைகிற ராஸ் மீன் வளர்க்கணும் என்றால் மட்டும் 0.5 முதல் 1 மி.மீ. எடுத்து, ஒரு பக்கமாவது 5 செ.மீ. ஆழம் கொடுங்கள். வேகமான நீரோட்டம் கேட்கிற குச்சிப் பவளம்தான் உங்கள் ஆசை என்றால் மணலே போடாமல் வெறும் கண்ணாடி அடியோடு விடுவதும் நல்ல முடிவு. பார்க்கக் கொஞ்சம் வெறுமையாக இருக்கும், பிறகு அடிக்கண்ணாடியில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படர்ந்துவிடும்.

ஆழம் விஷயத்தில் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்கணும். நைட்ரேட் குறையும் என்று 10, 15 செ.மீ. ஆழ மணல் போடச் சொல்கிற குறிப்புகள் எல்லாம் குளிர்ந்த ஊர்களில் எழுதப்பட்டவை. 25 டிகிரியில் கடல் நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரியில் 6.2-தான். அதே நேரம் மணலுக்குள் இருக்கிற பாக்டீரியா சூட்டில் இன்னும் வேகமாக மூச்சு விடும். அக்னி நட்சத்திரத்தில், தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் இல்லாத தொட்டி 31, 32 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். அன்றைக்கென்று பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் இருந்து மதியம் வரை கரண்ட்டை நிறுத்துவார்கள். ஆழமான மணல் அந்த நேரத்தில் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சும், அடியில் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வரும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதனால் திருநெல்வேலியில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு 2 முதல் 3 செ.மீ.; ராஸ் மீனுக்காக ஒரு பக்கம் கொடுக்கிற 5 செ.மீ. தவிர அதற்கு மேல் வேண்டாம். கரண்ட் போனால் தானாக ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிலோ என்பதற்கு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் செ.மீ.-ல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். அதை 1.4-ஆல் பெருக்கினால் கிலோ. 90-க்கு 45 செ.மீ. தொட்டியில் 3 செ.மீ. போட 12 லிட்டர், அதாவது 17 கிலோ. கல் உட்காருகிற இடத்தைக் கழித்தால் 14, 15 கிலோ போதும். ஈரமாக வருகிற லைவ் சாண்ட் பையை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். சென்னையில் இருந்து பார்சல் லாரியில் கோடை வெயிலில் வரும்போது பைக்குள் இருக்கிற பாக்டீரியா எந்த நிலையில் வந்து சேரும் என்று சொல்ல முடியாது, விலையும் கூட. உலர்ந்த மணலும் ஒரு பாட்டில் பாக்டீரியாவும் போதும். தெரிந்தவர் தொட்டி நன்றாக ஓடினால் அங்கிருந்து ஒரு கப் மணல் கேட்டு வாங்கி மேலே தூவலாம்.

பாஸ்பேட் சோதனையையும் விட்டுவிடாதீர்கள். 100 கிராம் மணலை அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து டெஸ்ட் கிட்டில் பாருங்கள். 0.1-க்கு மேல் காட்டினால் அந்த மணல் வேண்டாம். முக்கியமாக, தொட்டியைக் கலைக்கிறவர்கள் சும்மா கொடுக்கிற பழைய மணலில் இது நிறைய வரும், அரகோனைட் பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துப் பிறகு மெல்ல விடும்.

கழுவுவதற்கு சோப்பு படாத புது வாளி எடுங்கள். இரண்டு மூன்று கிலோவாகப் போட்டு, ஹோஸை வாளியின் அடிவரை இறக்கி, கையால் கிளறிக்கொண்டே வழியவிடணும். பால் போல வருகிற தண்ணீர் மோர் நிறத்துக்கு வந்தால் போதும், முழுதாகத் தெளியும் வரை நின்றால் பொழுது போய்விடும். கடைசி இரண்டு அலசு ஆர்.ஓ. தண்ணீரில். தொட்டிக்குள் முதலில் கல்லை அடிக்கண்ணாடி மேலேயே உட்காரவைத்து, ஆட்டிப் பார்த்து, பிறகு சுற்றிலும் மணலைப் போடுங்கள். மணல் மேலே கல்லை வைத்தால் கோபியோ இறாலோ அடியில் தோண்டி ஒரு நாள் கல் சரிந்து கண்ணாடியில் மோதும். தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றிலிருந்து மூன்று நாள் கலங்கும். ஸ்கிம்மரை நிறுத்திவிட்டு, வெள்ளைப் பஞ்சைத் தினமும் மாற்றிக்கொண்டிருந்தால் தெளிந்துவிடும். ஒரு வாரம் தாண்டியும் தெளியாவிட்டால் களிமண் தூசி கலந்த மணல் என்று அர்த்தம். அந்த நிலையிலேயே, மீன் போடும் முன்பே, எடுத்துவிடுவது மலிவு.

ஏற்கெனவே மீன் இருக்கிற தொட்டியில் இப்படி மணல் மாட்டிக்கொண்டால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். அடியில் இருக்கிற அழுக்கு மொத்தமும் கிளம்பி அமோனியா ஏறும். 16 மி.மீ. ஹோஸை வைத்து, வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு பரப்பை மட்டும் உறிஞ்சி வாளியில் விடுங்கள். மறுநாள் அமோனியா பாருங்கள், பூஜ்யமாக இருந்தால்தான் அடுத்த வாரம் அடுத்த பங்கு. கறுத்த இடம் வந்து முட்டை நாற்றம் அடித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, கார்பனும் கூடுதல் ஏர் பம்பும் போடுங்கள். முழுதும் எடுத்த பிறகு புது மணலை இரண்டு அங்குல பி.வி.சி. பைப்பைத் தண்ணீருக்குள் அடிவரை இறக்கி, அதன் வழியாகக் கொட்டி நகர்த்திக்கொண்டே போனால் கலங்கல் பாதியாகக் குறையும். நல்ல மணல் போட்ட பிறகும் கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மணல் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே பிளாஸ்டிக் கார்டை வைத்துக் கையால் வழித்தால் போதும்.